பன்னிரண்டு வீடு, ஒரு மீட்டர் ரூம்

வயர்மேன் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேலையை ஒழுங்காகச் செய்தால் நம்மை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, ஒழுங்காகச் செய்யாவிட்டால் கட்டடம் முழுக்க நம் பேச்சுதான்.

பிளாட் வாங்கிய அன்பர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிக்கும் அப்பாவிகளுக்கும் இதைச் சொல்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கமெல்லாம் காலி மனைகள் ஒவ்வொன்றாக பிளாட்டாகிக் கொண்டிருந்தன. பல்லாவரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வயர்மேன் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டேன். தனி வீட்டுக்காரர்களை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

வராத குற்றம்

சேலையூரில் அப்போதுதான் குடியேறிய ஒரு கட்டடம். மூன்று தளம், தளத்துக்கு நாலு வீடு. அங்கிருந்து ஒரு நாள் சாயங்காலம் விக்டோரியா டீச்சர் என் கடைக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் சயின்ஸ் எடுப்பவர். தோளில் ஒரு பை, பை நிறைய விடைத்தாள். தங்கள் பிளாட்டில் பொதுவாக இருக்கும் மின்சார சாமான்களை மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போக ஆள் வேண்டும் என்றார். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதுதான் தனக்கும் தெரியவில்லை என்றார்.

ஸ்டூல் போட்டு உட்கார வைத்து விளக்கினேன். தெருக் கம்பியிலிருந்து மீட்டர் வரைக்கும் மின்வாரியம் பார்த்துக்கொள்ளும். வீட்டு வாசற்படிக்கு உள்ளே வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். நடுவில் இருக்கிற மெயின் போர்டு, மாடிக்கு ஏறும் வயர், படிக்கட்டு லைட், தண்ணீர் மோட்டார், எர்த் குழி இதெல்லாம் எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமான சாமானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டீச்சர் இதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். மாதாமாதம் நான் வந்து பார்த்துவிட்டு அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. இவ்வளவு அக்கறையாக இருக்கிறாரே, விரும்பித்தான் செக்ரட்டரி ஆகியிருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். டீச்சர் பேனாவை மூடினார்.

"மீட்டிங்கை ஞாயித்துக்கிழமை காலைல வச்சாங்க, நான் சர்ச்சுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து பார்த்தா நான்தான் செக்ரட்டரி."

மீட்டர் ரூமில் மீட்டரும் இருந்தது

முதல் மாதம் போனேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை, அதுதான் மீட்டர் ரூம். கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. வாட்ச்மேன் முனுசாமியும் நானும் தோள் கொடுத்துத் தள்ளியதில் ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், நாலு மூட்டை பழைய பேப்பர், சக்கரம் இல்லாத குழந்தை சைக்கிள், போன பிள்ளையார் சதுர்த்தியின் குடை, ஒரு மண்ணெண்ணெய் டின். இவற்றுக்கெல்லாம் பின்னால், எட்டிப் பார்த்தால், பதின்மூன்று மீட்டர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு ஒன்று, பொதுவுக்கு ஒன்று. டின்னில் பாதி எண்ணெய் இருந்தது. மெயின் சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும்.

பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டேன். பன்னிரண்டு பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். சிலர் எதிர் வீட்டைக் காட்டினார்கள். நான் ஒன்றும் வாதாடவில்லை. நாளைக் காலையில் காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறை துடைத்துவிட்டது போல இருந்தது. கட்டிலின் கடைசிக் காலைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார் கீழ்த்தளத்து ரங்கநாதன் சார். ரயில்வேயில் ரிட்டயரானவர், என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். பிடிபட்ட வெட்கம் அவரிடம் கொஞ்சமும் இல்லை. நியாயம் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

"மீட்டர் ரூம்ல மீட்டரை மட்டும் வச்சா, மத்த சாமானையெல்லாம் எங்கப்பா வைக்கிறது?"

கொண்டை ஊசி

அடுத்த மாதம் அறைக்குள் நிம்மதியாக நின்று வேலை பார்க்க முடிந்தது. அப்போதுதான் ஒரு கருகின வாடை வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டாவது மாடி சேகர் சார் வீட்டு வயர் அது. மேலுறை உருகி, பக்கத்து வீட்டு வயரோடு ஒட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தது. ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொண்டை ஊசியை அழகாக வளைத்து, இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முறுக்கியிருந்தது. கொண்டை ஊசி எந்தக் காலத்தில் உருகி, எப்போது வீட்டைக் காப்பாற்றுவது?

சேகர் சார் வங்கியில் அதிகாரி. கெட்டிக்காரர், நல்ல மனிதர், என்னைக் கண்டால் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டார். மேலே போய் ஊசியைக் காட்டினேன். கூச்சப்படுவார் என்று நினைத்தேன். புதிதாக வாங்கிய ஹீட்டரையும் கிரைண்டரையும் ஒன்றாகப் போட்டால் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்ததாம், வாரத்துக்கு மூன்று தடவை படியிறங்கி அலுத்துப்போய்விட்டதாம். அது போக வேண்டும் என்றுதான் சார் வைத்திருக்கிறது, அது போகாவிட்டால் வீடு போய்விடும், அதுவும் உங்கள் வீடு மட்டும் போகாது என்று பொறுமையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் என் மேல்தான் ஒரு பரிதாபம் தெரிந்தது.

"நீங்க சொல்ற கம்பி மாசத்துக்குப் பத்து தடவை போச்சு மோகன், நான் போட்டது இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூடப் போகலையே."

புதுக் குடை

சேலையூர்க்காரர்களை மட்டும் சொன்னால் பாவம். பொழிச்சலூரில் ஒரு பிளாட்டுக்கு ஐப்பசி மழையில் என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டர் போர்டுக்கு மேலே, சுவரில் ஆணி அடித்து, விரித்த கறுப்புக் குடை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் குடையில் விழுந்து, ஓரமாக வழிந்து, கீழே வைத்த வாளியில் சேர்ந்தது. மேல் வீட்டுக்காரர் பிளாட்டைக் கட்டியவரைக் கைகாட்டினார். கட்டியவர் குடியிருப்பவர்களின் சங்கத்தைக் கைகாட்டினார். சங்கமோ வாளியைக் கொடுத்திருந்தது. குடையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று அங்கிருந்த பெரியவரைக் கேட்டேன். அவர் ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னார்.

"அந்தக் கவலையே வேணாம் தம்பி, மாத்தி ஆறு மாசம்தான் ஆச்சு, புதுக் குடை."

பூமிக்குத் தண்ணீர்

மறுபடி சேலையூர். கட்டடத்தின் பின்பக்கம் எர்த் குழி. மோட்டாரிலோ வேறெதிலோ மின்சாரம் கசிந்தால், அது ஆளைப் பிடிக்காமல் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும், அதற்குத்தான் இந்தக் குழி. கரியும் உப்பும் போட்டு மூடியிருக்கும். மண் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். எங்கள் பக்கத்து மண்ணோ பாறையும் சரளையும். சித்திரையில் குழி எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அந்த வருஷம் தாம்பரம் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கிற காலம். சொன்ன என்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் வீட்டு வேலை செய்யும் கன்னியம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்தைக் குழிப் பக்கமாக மாற்றி, அந்தத் தண்ணீர் குழிக்குள் ஓடுகிற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டேன். அதன் பிறகு குழி எப்போதும் ஈரமாக இருந்தது. மாதாமாதம் குழியைப் பார்ப்பேன், ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பேன், டீச்சரின் நோட்டில் 'எர்த் நன்றாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வாய்க்கால் வெட்டுகிற அன்றைக்கு மண்வெட்டி பிடித்த முனுசாமி மட்டும் கடைசி வரைக்கும் சமாதானம் ஆகவில்லை.

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்லாம பேஜாரா கீது, நீ இன்னா சார் பூமிக்குத் தாகம்ன்றே?"

ரப்பர் செருப்பு

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

அடுத்த பொங்கல் கழிந்து இரண்டு மாதம் இருக்கும். காலை ஏழரை மணி. படிக்கட்டில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே தொட்டிப் பக்கம் கன்னியம்மா மோட்டார் போட வந்தார். மூன்று வீட்டில் வேலை செய்கிறவர், மோட்டார் போடுவதும் அவர்தான். தொட்டிக்கு அருகில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, ரப்பர் செருப்பு, வைத்திருந்தது. அதை மாட்டிக்கொண்டார். முந்தானையைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். சுவிட்சைப் போட்டுவிட்டு, பிறகுதான் குழாயின் வால்வைத் தொட்டார். ஏன் இப்படி என்று மேலிருந்தே கேட்டேன். வால்வைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடித்ததிலிருந்து இப்படித்தான், அதனால் என் புருஷன் செருப்பை எடுத்துவந்து வைத்துவிட்டேன் என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். சொல்லாமல் என்ன, மூன்று வீட்டிலும் சொன்னாராம். ஒரு வீட்டில் ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு வீட்டில் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் அது எங்கள் மோட்டார் இல்லை, பொது மோட்டார் என்றார்கள்.

நான் இறங்கி டெஸ்டரை வால்வில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அந்தக் குழாய் மின்சாரத்தோடு நிற்கிறது, ஒரு நாள் செருப்பை மறந்தால் இந்த அம்மாள் இல்லை. ஓடிப்போய் மோட்டார் சுவிட்சை அணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு எர்த் கம்பியைத் தேடினேன். குழியில் ஒரு முழம் இருந்தது. மோட்டாரில் அரை முழம் இருந்தது. நடுவில் கம்பியே இல்லை. வெள்ளையடித்தவர்கள் சுவரில் இடைஞ்சலாக இருக்கிறதென்று வெட்டிவிட்டார்கள். வெட்டிய கம்பி எங்கே போனது என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டிய நல்ல கெட்டியான கொடி. அதில் பன்னிரண்டு வீட்டுத் துணியும் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குள் மேல் தொட்டி காலி. எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. எல்லோரும் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம். ரங்கநாதன் சார் உடம்பெல்லாம் சோப்போடு, துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சேகர் சார் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு வந்தார். ஒரு அரை மணி நேரம் மட்டும் மோட்டாரைப் போடு, தொட்டி நிறைந்ததும் அணைத்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்து கொள் என்றார்கள். முடியாது என்றேன். இத்தனை நாள் ஓடியதே, இன்னும் அரை மணியில் என்ன ஆகிவிடும் என்றார்கள். ஃப்யூஸ் பையில் இருக்கிறது, வேண்டுமானால் என்னைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. டீச்சர் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார். முனுசாமியை சைக்கிளில் அனுப்பினேன். டீச்சர் பர்மிஷன் போட்டுவிட்டு அரை ஓட்டமாக வந்து சேர்ந்தார்.

வந்தவர் எங்கள் யாரையும் பேச விடவில்லை. கன்னியம்மாவைக் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கன்னியம்மா சொன்னார், எந்த வீடு என்ன சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். போன மாசம் பார்த்தீர்களா என்று கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

"குழியைப் பார்த்தேன் டீச்சர். கம்பியைப் பார்க்கலை."

இரண்டு மாதமும் நன்றாக உள்ளது என்று எழுதியவன் நான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ, நானும் உங்கள் கையெழுத்தைத்தான் பார்த்தேன், மோட்டாரைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு நோட்டை எடுத்து, மோட்டார், மீட்டர் ரூம், எர்த் இவற்றின் பாதுகாப்பு தன் பொறுப்பு, குறை இருந்தால் யாரும் தன்னிடம் சொல்லலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடியில் என்னையும் போடச் சொன்னார். போட்டேன். அதை அப்படியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் ரூம் கதவில் ஒட்டினார்.

மாடியில் துணியையெல்லாம் எடுத்துவிட்டுக் கொடியை அவிழ்த்தார்கள். சேகர் சார் லீவு போட்டுவிட்டு எனக்கு ஏணி பிடித்தார். மோட்டாருக்குள் சுருள் நனைந்து மின்சாரம் கசிந்திருந்தது, அதைக் கழற்றி வாடகைக்கு வேறு மோட்டார் பூட்டி, எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. வால்வில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. பிறகு என் வெறுங்கையை வைத்தேன். அதற்குப் பிறகுதான் கன்னியம்மாவைத் தொடச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஒரு விரலால் தொட்டார். அப்புறம் முழுக் கையால் பிடித்தார். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்தார்கள். கன்னியம்மா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ரெண்டு மாசமா எனுக்கு அடிச்சிகினு இருந்துச்சு, ஒர்த்தரும் கேக்கல, இன்னிக்கு ஒரு வேளை தண்ணி வரல, அல்லாருக்கும் ஷாக் அடிச்சிருச்சு."

சாமி குற்றம்

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மோட்டாருக்கும் மெயின் போர்டுக்கும் பூஜை செய்ய வேண்டும் என்று ரங்கநாதன் சார் கிளம்பினார். ஒரு கிண்ணத்தில் கரைத்த சந்தனம், செம்பு நிறையத் தண்ணீர், அதில் மாவிலை. மந்திரம் சொல்லித் தண்ணீரை மெயின் சுவிட்ச் மேல் தெளிப்பதாக ஏற்பாடு. கதவில் டீச்சர் ஒட்டிய தாள் இருந்தது, தாளுக்குப் பக்கத்தில் டீச்சரே நின்றுகொண்டிருந்தார். பொட்டு வைப்பதாக இருந்தால் கதவுக்கு வெளியே வையுங்கள், மாலையைக் கைப்பிடியில் போடுங்கள், ஈரத்தோடு உள்ளே போகக் கூடாது என்று தன்மையாகச் சொன்னார். சேகர் சாரும் டீச்சர் கட்சி. கொண்டை ஊசி போட்டவர் இப்போது ஃப்யூஸைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

ரங்கநாதன் சாருக்கு மனசு ஆறவில்லை. பூஜையை வாசலில் செய்து சாமி குற்றம் ஏதாவது வந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கூட்டம் டீச்சரைப் பார்த்தது. பரீட்சையில் கஷ்டமான கேள்வி வந்த பிள்ளைக்கு உதவுவது போல, டீச்சர் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினார். ரங்கநாதன் சார் பேனாவைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், பிறகு கதவுக்கு வெளியே மூன்று பொட்டு வைத்துவிட்டுச் சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்.

"சாமி குத்தத்தையும் பொறுப்புல சேத்துடலாம் சார், கேட்டவங்கதான் கையெழுத்துப் போடணும்."

பத்துப் பதினைந்து வருஷம் பிளாட்டுகளில் ஏணி ஏறி இறங்கி நான் தெரிந்துகொண்டது, மின்சாரம் ஓடுவதற்காவது ஒரு கம்பி வேண்டும், பொறுப்பு கம்பியே இல்லாமல் பன்னிரண்டு வீட்டையும் தாண்டி ஓடிவிடும் என்பதுதான்.